காற்றைக் கூப்பிடு

கூலிப்பலகை காலை ஏழு மணிக்கு மாறும். பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே இரண்டு மாடி உயரத்துக்கு அது நிற்கிறது. ஒன்றிலிருந்து பத்து வரை படிப்புப் படிகள். ஒவ்வொரு படிக்கும் நேராக மூன்று எண்கள்: மாவட்டத்தில் அந்தப் படியில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் தேவை, இன்றைய கூலி என்ன.

அன்று தாரிணியின் ஒன்பதாம் படியில் நாற்பத்தோராயிரம் பேர் இருந்தார்கள். தேவை ஆறாயிரம். மூன்றாம் படியில் தேவைக்குப் பாதி ஆள்கூட இல்லை. மூன்றாம் படிக்காரரின் ஒரு நாள் கூலி, ஒன்பதாம் படிக்காரரின் நான்கு நாள் கூலியாக இருந்தது.

"ஏனுங்க, நம்முளுது ஏறுச்சுங்களா?" பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். கண்ணாடி எடுத்து வரவில்லை போலிருந்தது.

"இறங்கியிருக்குங்க."

"படிச்சது தப்பாப் போச்சு."

"நீ எங்கய்யா படிச்சே?" என்றார் அவர் பக்கத்தில் நின்றவர். "ஏழு நாள் நாற்காலியில படுத்துக் கெடந்தே. மண்டையில ஏத்தி உட்டாங்க. என்னையும் அப்படித்தான். ஊருல எல்லாருமே இஞ்சினியருன்னா எவன் மதிப்பான்?"

"செரி, கீழ் வேலைக்காச்சும் உடலாமல்ல?"

"உட்டா கீழ இருக்கறவன் எங்க போவான்?"

அந்தச் சட்டம் வந்தபோது தாரிணியும் சரி என்றுதான் நினைத்தாள். அதற்கு முன்னால் துப்புரவு வேலைக்கு எம்.எஸ்சி. படித்தவர்கள் வரிசையில் நின்றார்கள். துப்புரவுத் தொழிலாளிகள் வரிசைக்கு வெளியே நின்றார்கள். இனி யாரும் தன் படிக்குக் கீழே வேலை செய்யக் கூடாது என்றது சட்டம். நியாயமான சட்டம். சட்டம் போட்ட கதவு அதே இடத்தில்தான் இருந்தது. அவள் நிற்கும் பக்கம்தான் பிறகு மாறிவிட்டது.

அவளுடைய கூலிக்குப் பெண்கள் விடுதியில் ஒரு மேல்கட்டில் கிடைத்தது. விடுதியில் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது. ஆறு வயது ஆதிரை உடுமலையில் நாத்தனார் வீட்டில் வளர்ந்தாள். போன வாரம் பார்க்கப் போனபோது குழந்தை நாத்தனாரை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு, தாரிணியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டது.

தாரிணி பலகையிலிருந்து நேராக இறக்கும் மையத்துக்குப் போனாள்.

மையம் திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. படிப்பை இறக்கிக்கொண்டு மூன்றாம் படிக்குப் போக விரும்புகிறவர்களுக்கு மாதம் இருநூறு இடம். அங்கே கருவியை இயக்கும் ரிஸ்வானா, விடுதியில் தாரிணிக்குக் கீழ்க்கட்டில். அவள்தான் ஒரு இடம் பிடித்துக் கொடுத்திருந்தாள்.

"பத்து நிமிஷ வேலை," என்றாள் ரிஸ்வானா, தாரிணியின் தலையில் கருவியின் கம்பி வலையை மாட்டியபடி. "எப்ப ஏத்திக்கிட்டே?"

"ஏத்திக்கல. படிச்சேன். கோபியில, காலேஜ்ல. அஞ்சு வருஷம், வேதியியல்."

ரிஸ்வானாவின் கை நின்றது. "இத முன்னாடியே சொல்ல மாட்டியா?"

"அதுல என்ன?"

"திரையப் பாரு. இப்ப 'அம்மோனியா'ன்னு நெனச்சுக்கோ."

தாரிணி நினைத்தாள். திரையில் ஒரு புள்ளி எரிந்தது. அதைத் தொட்டுக்கொண்டு இன்னொன்று. பிறகு கொத்தாக முப்பது, நாற்பது.

"மத்தவங்களுக்கு ஒரே எடத்துல உருண்டையா இருக்கும். டம்ளர்ல ஊத்துன தண்ணி மாதிரி. கவுத்தா போயிரும், டம்ளருக்கு ஒண்ணும் ஆகாது. உன்னோடது சாயம் மாதிரி நூலுக்குள்ள போயிருச்சு. இந்த முதல் புள்ளி அம்மோனியா. ஒட்டிட்டு எரியுதே, இது என்ன?"

தாரிணி அந்தப் புள்ளியை உற்றுப் பார்த்தாள். "அது கிஷோர்," என்றாள்.

முதல் செய்முறை வகுப்பு. அவள் பாட்டிலைத் திறந்து மூக்கை உள்ளே விட்டாள். கண்ணில் நீர் கொட்டியது. பக்கத்து மேசைப் பையன் சிரிக்காமல் சொன்னான்: "மூக்க உள்ள விடாதீங்க. தள்ளிப் புடிச்சு, கையால காத்தக் கூப்புடுங்க. அதுவா வரும். குத்துனா மூடிருங்க." பாட்டிலின் வாய்க்கு மேலே கையை விசிறி, வாசனையைத் தன் பக்கம் அழைத்துக் காட்டினான். ஐந்து வருடம் அதே மேசை. பிறகு இருவரும் ஒரே ஆய்வகத்தில் வேலை, கல்யாணம், ஆதிரை. ஆதிரைக்கு ஒன்றரை வயதில் பல்லடம் ரோட்டில் ஒரு லாரி.

"வேதியியல மட்டும் எடுக்க முடியாதா?"

"சாயத்த எடுக்க பிளீச் பண்ணுனா என்ன ஆகும்? நீதான் கெமிஸ்ட்ரி."

"நூலும் இத்துப்போகும்."

ரிஸ்வானா கதவைப் பார்த்தாள். வலையைக் கழற்றினாள். படிவத்தில் 'முழுதாக இறக்கப்பட்டது' என்ற கட்டத்தில் விரல் வைத்தாள்.

"ரிஸ்வானா..."

"பேசாத. இனிமே உனக்கு ஒண்ணும் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கலாம், அதுக்கு மேல வேண்டாம். மாட்டுனா நீ ஒன்பதுக்குத் திரும்பிப் போவே. நான் உள்ள போவேன்."

*

நொய்யல் கரையில் ஒரு சாயப்பட்டறையில் வேலை கிடைத்தது. உப்பும் ஆசிடும் கலந்த காற்றில் எந்திரக் கைகள் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. மனிதக் கைகள் தாங்கின.

முதல் மாதச் சம்பளத்தில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீடு. ஆதிரை ஒரு பையோடும் ஒரு காது அறுந்த முயல் பொம்மையோடும் வந்து இறங்கினாள். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாம ரெண்டு பேரும் மட்டுமா?" என்று கேட்டாள். சந்தோஷத்தில் கேட்டாளா என்று தாரிணிக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து ஆதிரை தூக்கத்தில் அவள் மேல் காலைப் போட்டபோதுதான் தெரிந்தது.

பட்டறையில் அவளோடு வேலை செய்தவள் கோகிலா. ஐம்பது வயது. மூன்று முறை நாற்காலியில் உட்கார வைத்தும் அவளுக்குப் படிப்பு ஏறவில்லை.

"மூணு வாட்டியும் வாந்தி," என்றாள் கோகிலா. "என்ற கொழுந்தன் பத்தாம் படி. என்னைய மக்குன்னுதான் கூப்புடுவான். இப்ப எங்கூட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டறான்."

"சட்டம் விடாதேக்கா."

"சம்பளம் குடுத்தாத்தானே கண்ணு சட்டம்?"

பெண்கள் சிரித்தார்கள். தாரிணியும் சிரித்தாள். ஆனால் எப்போது சிரிக்க வேண்டும், எப்போது விழிக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். கேனில் ஒட்டியிருக்கும் பெயரை ஒரே பார்வையில் படித்துவிட்டு, படிக்காதவள் போல உதட்டை அசைத்தாள். கொதித்துத் தெறிக்கும் என்று தெரியாமல் யாராவது காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றப் போனால் இரும வேண்டும். இருமினால் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஒரு நொடியில் வாளியை நகர்த்த வேண்டும். நாள் முழுவதும் வாய்க்குள் ஒரு கூழாங்கல்லை வைத்திருப்பது போலிருந்தது. வீட்டுக்கு வந்தபின்தான் துப்ப முடிந்தது.

மேற்பார்வையாளன் தர்ஷன். இருபத்து மூன்று வயது, ஏற்றிய ஒன்பதாம் படி. தான் மேய்க்கிற பெண்களின் சம்பளத்தில் கால்பங்குதான் அவனுக்கு. கோகிலா தினமும் தன் தூக்குச்சட்டியிலிருந்து அவனுக்கு இரண்டு இட்லி எடுத்து வைப்பாள். "தின்னுங்க சார். படிச்ச புள்ள பட்டினி கெடக்கக் கூடாது." அவன் காது சிவக்கத் தின்பான்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான்காம் தொட்டியில் துணி வெளுத்து முடிந்திருந்தது. அதற்கப்புறம் பிளீச்சிங் தண்ணீரை வெளியேற்றி, இரண்டு முறை அலசி, நல்ல தண்ணீர் நிரப்பி ஆசிட் ஊற்ற வேண்டும்.

தர்ஷன் திரையைப் பார்த்தான். "நாலாம் தொட்டி அலசியாச்சு. ஆசிட் ஊத்துங்கக்கா."

தாரிணி கேனோடு தொட்டி விளிம்புக்குப் போனாள். உள்ளே இருந்தது பார்க்கத் தண்ணீர்தான். அவள் எதையும் யோசிக்கவில்லை. வலது கை தானாக எழுந்து, தொட்டிக்கு மேலே இரண்டு முறை விசிறியது.

காற்று வந்தது. பிளீச்.

தண்ணீர் வெளியேறவே இல்லை. ஆசிட் விழுந்தால் பச்சையாக ஒரு விஷப்புகை எழும். கூடத்துக்கு ஒரே வாசல். தொட்டிக்கு அடியில் குனிந்து கோகிலாவும் இன்னும் மூன்று பேரும் துணி இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், வாடை வருதுங்க."

"பட்டறையில வாடை வராம மல்லிப்பூவா மணக்கும்? ஊத்துங்கக்கா, திரையில அலசியாச்சுன்னு இருக்கு."

அதற்கு மேல் மூன்றாம் படிக்காரி என்ன சொல்வாள்? தாரிணி ஒரு காலை இன்னொரு காலில் பின்னிக்கொண்டு விழுந்தாள். கேன் அவளோடு தரையில் விழுந்து திறந்துகொண்டது. சிமெண்டு நுரைத்தது. இடது பாதம் தீப்பட்டது போல எரிந்தது.

"கண்ணு பொடனியிலயா இருக்குது?" கோகிலா கத்திக்கொண்டே அவளைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். "நல்ல பாதம்! புள்ள பெத்தவ மாதிரியா நடக்கறே?"

சற்று நேரத்தில் தர்ஷன் வந்தான். கையில் ஈரமாக ஒரு துணிச் சுருள். முகத்தில் ரத்தமில்லை.

"கழிவுக் குழாயில அடைச்சிருந்துச்சு. தொட்டி முழுக்க..." அவன் கோகிலா போகும்வரை காத்திருந்தான். "நீங்க கைய அப்படி ஆட்டுனீங்களே, எதுக்கு?"

"கொசுங்க சார்."

"எனக்குள்ளயும் அது இருக்குக்கா. 'நேரடியாக முகரக் கூடாது, கையால் விசிற வேண்டும்.' எத்தனாவது பாடம்னுகூடத் தெரியும். ஆனா என் கை ஒரு நாளும் அப்படிப் போனதில்ல." அவன் கண் கலங்கியிருந்தது. "நாலு பேரு செத்திருப்பாங்க. என்னால."

"ஒண்ணும் ஆகலீல்ல சார். விடுங்க."

அவன் விடவில்லை. நன்றியுள்ள பையன். அன்று மாலை விபத்து அறிக்கையில் எழுதினான்: 'தொழிலாளி தாரிணி தொட்டியை முறைப்படி முகர்ந்து பார்த்து ஆபத்தைத் தடுத்தார். பாராட்டுக்குரியவர்.'

மூன்று நாளில் கடிதம் வந்தது. பாராட்டு ஒரு வரி. அதற்குக் கீழே, மூன்றாம் படித் தொழிலாளிக்கு 'முறைப்படி' எப்படித் தெரிந்தது என்று அறிய மறுசோதனை. அடுத்த புதன்கிழமை, பத்து மணி.

"நல்லதுன்னு நெனச்சுத்தான்க்கா எழுதுனேன்," என்றான் தர்ஷன். அவனைத் திட்டக்கூட அவளுக்கு வரவில்லை.

*

"நான் ஒத்துக்கறேன்," என்றாள் ரிஸ்வானா. "கை தவறிடுச்சுன்னு சொல்றேன். ரெண்டு வருஷம்தான் குடுப்பாங்க."

"உங்கம்மா?"

ரிஸ்வானாவின் அம்மா பக்கவாதத்தில் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். ரிஸ்வானாதான் தினமும் போய் ஊட்டிவிட வேண்டும்.

"நீ ஒத்துக்கிட்டாலும் நான் ஒன்பதுக்குப் போயிருவேன். ஆதிரை உடுமலைக்குப் போயிருவா." தாரிணி நிதானமாகப் பேசினாள். விடுதியில் கணக்குப் போட்டுப் பார்த்துப் பழகியிருந்தாள். எந்தப் பக்கமிருந்து போட்டாலும் அதே விடைதான் வந்தது. "எடுத்துரு."

"வேதியியல் வேணும்னா ஏழு நாள்ல திரும்ப ஏத்திக்கலாம் தாரிணி. அவர ஏத்த முடியாது."

"எழுதி வெச்சுக்கறேன்."

"எழுதிக்கோ. ஆனா படிக்கறப்ப, யாரோ எழுதுன மாதிரித்தான் இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாரிணி நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான்கு வரிக்கு மேல் ஓடவில்லை. ஆதிரை பக்கத்தில் முயலுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆதிரை, அப்பாவப் பத்திச் சொல்லட்டுமா?"

"போட்டோ அப்பாவா?"

"அவருதான்."

அவள் சொன்னாள். பாட்டில், கண்ணீர், பக்கத்து மேசை. ஆதிரைக்கு மற்றதெல்லாம் பிடிபடவில்லை. காற்றைக் கூப்பிடுவது மட்டும் பிடித்துப்போயிற்று. சோப்பு, தோசை, எதிர் வீட்டு நாய் என்று எல்லாவற்றுக்கும் மேலே கையை விசிறினாள்.

"வந்துச்சாம்மா!"

"குத்துனா?"

"மூடிரோணும்! அப்பா சொல்லியிருக்காரு!"

"மறக்காம இருப்பியா?"

"நீ மறந்தா நான் சொல்றேன்," என்றாள் ஆதிரை. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ரிஸ்வானா மறுபடியும் வலையை மாட்டினாள். இந்த முறை பத்து நிமிடத்தில் முடியவில்லை. நான்கு மணி நேரம் ஆயிற்று. திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. முடிந்தபோது ரிஸ்வானா முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"அம்மோனியா."

"என்ன?"

திரை இருட்டாக இருந்தது.

"கிஷோர்."

"எங்க வீட்டுக்காரரு. இறந்துட்டாரு." தாரிணி அதை அடையாள அட்டையைப் பார்த்துப் படிப்பவள் போலச் சொன்னாள். "ஏன் ரிஸ்வானா, நீ ஏன் அழறே?"

புதன்கிழமைச் சோதனையில் அவள் தேறினாள். தேர்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே ஒன்றுமே இல்லை, சுத்தமான இறக்கம் என்று மையத்தைப் பாராட்டினார்.

*

தையில் இறக்கத்துக்கு இருந்த இருநூறு என்ற வரம்பை எடுத்துவிட்டார்கள். மையத்து வரிசை பஸ் நிலையத்தைச் சுற்றி வந்தது. மாசியில் ஒரு காலை தாரிணி பலகையைக் கடந்து போகும்போது கூட்டம் சத்தமில்லாமல் நின்றிருந்தது. மூன்றாம் படியில் ஆள் நிரம்பி வழிந்தது. ஒன்பதாம் படி காலியாகிக்கொண்டிருந்தது. இரண்டின் கூலிக்கும் நடுவே ஒரு டீக்காசுதான் வித்தியாசம்.

"மறுக்கா ஏத்திக்கலாமுங்களா?" என்று ஒருவர் கேட்டார். இந்த முறை கண்ணாடி போட்டிருந்தார்.

"நீ ஏறுனா எல்லாருந்தான் ஏறுவான்," என்றார் பக்கத்தில் நின்றவர்.

வீட்டுக்காரர் ஏற்கெனவே இரண்டு முறை வந்து, வாடகை கட்டுவீர்களா, இல்லை காலி செய்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். உடுமலைக்கு இன்னும் எழுதவில்லை. காலையில் ஆதிரை பால் டம்ளருக்கு மேலே கையை விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஆறிப்போகும், குடி."

"காத்தக் கூப்புடறேன். நீயும் கூப்புடும்மா."

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

ஆதிரை அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீதானே சொன்னே? அப்பா உனக்குச் சொல்லியிருக்காரு. குத்துனா மூடிரோணும்."

தாரிணி டம்ளருக்கு மேலே கையை வைத்தாள். கை தெரிந்த வேலையைச் செய்வது போல விசிறியது. பால் வாசனை வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

பட்டறையில் இப்போது மேற்பார்வைக்கு ஆளில்லை. திரையே பேசியது. தர்ஷன் படியிறங்கி அவர்களோடு கேன் தூக்கினான்.

"பத்து நிமிஷந்தான்க்கா," என்றான். "ஒண்ணுமே தெரியல. தல லேசா இருக்கு." பிறகு அவளுடைய பாதத்துத் தழும்பைப் பார்த்தான். "அன்னிக்கு நீங்க கேனோட விழுந்தீங்களே. நான் உங்களுக்கு நன்றிகூடச் சொன்னேன். எதுக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லியே. உனக்கு?"

"நானும் யோசிச்சுப் பாத்தேன். தெரியல."

"நாலாம் தொட்டி அலசியாச்சு," என்றது திரை. "ஆசிட் ஊற்றவும்."

கோகிலா தொட்டிக்கு அடியில் குனிந்து, பூ வேலை செய்த துணியைப் பற்றி யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தாரிணியும் தர்ஷனும் கேனை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி விளிம்பில் வைத்தார்கள். உள்ளே தண்ணீர் அசையாமல் நின்றது.

தாரிணியின் வலது கை எழுந்து இரண்டு முறை விசிறியது.

காற்று வந்தது. அது என்ன வாசனை என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்கோ முகர்ந்தது போலவும் இல்லை. ஆனால் மூக்கின் உச்சியில் ஊசி போல ஏறியது.

"என்னக்கா? ஊத்தலாமா?"

"ஆசிட் ஊற்றவும்," என்றது திரை.

அவள் கேனைத் தன் பக்கம் இழுத்து, மூடியைத் திருகி இறுக்கினாள்.

"வேண்டாம் தர்ஷன். குத்துது."

"குத்துனா?"

"குத்துனா மூடிரணும்."

"யாருக்கா சொன்னாங்க?"

தாரிணி கேனைத் தரையில் இறக்கி வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"ஆதிரையோட அப்பா," என்றாள். "அவரு சொல்லியிருக்காராம்."